பாலம் ஏறும்போது இழுவை இழக்கும் 1968 அம்பாசிடர்: டைமிங்கில் கோளாறா, என்ஜினே போய்விட்டதா?

#1 கீழக்கரை_68

வாப்பா ஓட்டிய 1968 மார்க் 2 அம்பாசிடர் இப்போது என்னிடம் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் என்ஜின், பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை விழவைக்கும் தொடுமுனை) வைத்த அசல் டிஸ்டிரிபியூட்டர். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே எழுந்துகொள்கிறது. ஐடிலிங்கும் சீராக இருக்கிறது. கீழக்கரைக்குள்ளும் ஏர்வாடி வரைக்கும் ஓட்டினால் குறை எதுவும் தெரியாது.

ராமேசுவரம் போகும்போதுதான் சிக்கல். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் வண்டி மந்தமாகிவிடுகிறது. மிதித்தால் சத்தம் கூடுகிறதே தவிர வேகம் கூடுவதில்லை. மண்டபம் பக்கமிருந்து பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியருக்கு வந்தாக வேண்டும். உச்சிக்குப் போவதற்குள் வெப்பமானி முள் மேலே ஏறிவிடுகிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்தாகிவிட்டது. பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் புதியவை. டெஸ்ட் லாம்ப் வைத்துக் கையேட்டில் உள்ள டிகிரியில்தான் டைமிங் (பொறி விழும் நேரம்) வைத்திருக்கிறேன். நாக்கிங் சத்தம் (கலவை தாறுமாறாக எரியும்போது வரும் தட்டல்) துளிகூட இல்லை.

நகரத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். பானட்டைத் திறந்த வேகத்திலேயே "போர் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்று சொல்லி ஒரு தொகையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேறு இடத்தில் கம்ப்ரஷன் அளந்து பார்த்ததில் நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. என்ஜினை இறக்க எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பரமக்குடி_ஓட்டுநர்

தம்பி, கையேட்டை மூடி வையுங்கள். அந்தக் கையேடு அச்சான காலத்துப் பெட்ரோலும் இன்று இல்லை, அந்தப் புத்தம்புது என்ஜினும் இன்று இல்லை. டிஸ்டிரிபியூட்டர் கிளாம்பைத் தளர்த்துங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லத் திருப்புங்கள். ஐடிலிங் ஏறி, பிறகு தடுமாறத் தொடங்கும். தடுமாறும் இடத்திலிருந்து ஒரு மயிரிழை பின்னால் கொண்டுவந்து இறுக்குங்கள். அப்புறம் டாப் கியரில் மெதுவாகப் போகும்போது திடீரென மிதித்துப் பாருங்கள். லேசாகத் தட்டி உடனே நின்றால் அதுதான் சரியான டைமிங். மதுரை–ராமேசுவரம் வாடகை வண்டி ஓட்டிய காலத்தில் எங்களுக்கு டைமிங் லைட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எந்த வண்டியும் பாலத்தில் நின்றதில்லை.

#3 உச்சிப்புளி_வாத்தியார்

ஓட்டுநர் ஐயா சொல்வது ஓரளவுக்குப் பலிக்கும். ஆனால் இந்த வண்டியின் நோய்க்கு அது மருந்தல்ல என்பது என் எண்ணம். இழை தொடங்கியவர் சொன்ன அறிகுறிகளை மறுபடி படியுங்கள். ஐடிலிங்கில் குறை இல்லை. ஸ்டார்ட் ஆவதில் குறை இல்லை. நாக்கிங் இல்லை. வேகம் கூடும்போதுதான் மந்தம், சூடு. அப்படியென்றால் நின்ற நிலையில் வைத்த டைமிங் சரியாகத்தான் இருக்கிறது. ஓட்டத்தில் கூட வேண்டிய அட்வான்ஸ்தான், அதாவது பொறி முந்தி விழும் அளவுதான், கூடவில்லை.

கணக்கைப் பாருங்கள். பொறி விழுந்த மறுகணமே பெட்ரோல் கலவை முழுதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவி அழுத்தம் உச்சத்துக்கு வர ஓரிரு மில்லி நொடிகள் ஆகின்றன. அந்த உச்ச அழுத்தம் பிஸ்டன் மேலே போய்த் திரும்பி, டிடிசி (பிஸ்டன் ஏறும் உச்சப்புள்ளி) தாண்டிச் சுமார் 10 முதல் 15 டிகிரிக்குள் வந்தால்தான் தள்ளு முழுமையாகக் கிடைக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றில் கிராங்க் ஒரு மில்லி நொடிக்கு 4.8 டிகிரி திரும்புகிறது. 3000 சுற்றில் அதே ஒரு மில்லி நொடிக்கு 18 டிகிரி. எரிய ஆகும் நேரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடாது. ஆகவே சுற்று கூடக்கூடப் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். வேகப்பந்து வீச்சாளருக்கும் சுழற்பந்து வீச்சாளருக்கும் ஒரே கணக்கில் மட்டையைச் சுழற்றுகிறவர் எத்தனை ஓட்டம் எடுப்பார்?

இந்த வேலையைச் செய்வதற்காகத்தான் டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்ட் தட்டுக்குக் கீழே இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. சுற்று கூடினால் எடைகள் வெளியே விரிந்து, பாயிண்டைத் திறக்கும் கேமை முன்னால் தள்ளும். அவை துருவேறி இறுகிவிட்டால் ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது. வேகத்தில் பொறி பிந்தி விழும். பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் கலவை எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூடு வேலையாக மாறாமல் சிலிண்டர் சுவருக்கும் எக்ஸ்ஹாஸ்ட்டுக்கும் போய்ச் சேரும். முள் ஏறுவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம்.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சாவியை அணைத்துவிட்டு டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். ரோட்டாரை அது சுழலும் திசையிலேயே விரலால் திருப்புங்கள். உங்கள் என்ஜினில் மேலிருந்து பார்த்தால் அது இடஞ்சுழி. கொஞ்சம் நகர வேண்டும், விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குத் தானாகத் திரும்ப வேண்டும். என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

#4 தொண்டி_நீலம்

எதற்கு இவ்வளவு தொல்லை? பாயிண்டைத் தூக்கி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள் காக்கா. உப்புக்காற்றில் பாயிண்ட் பச்சை பிடிக்கும், கண்டென்சர் போகும். என் வண்டியில் மாட்டினேன், அதற்குப் பிறகு மூடியைத் திறக்கவே இல்லை.

#5 உச்சிப்புளி_வாத்தியார்

தம்பி, மூடியைத் திறக்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எலக்ட்ரானிக் கிட் பாயிண்டுக்கு மாற்று, அவ்வளவுதான். சுற்றுக்கு ஏற்ப அட்வான்ஸ் தருவது அப்போதும் கீழே உள்ள அதே எடைகளும் ஸ்பிரிங்கும்தான். அவை இறுகியிருந்தால் மேலே எதை மாட்டினாலும் பொறி பலமாக விழும், பிந்தித்தான் விழும். இன்னொன்று, அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கிட்டை இணைத்தால் அது அந்த இடத்திலேயே கருகிவிடும்.

#6 கீழக்கரை_68

ஐயா, சொன்னபடி செய்தேன். ரோட்டார் அசையவே இல்லை. கொஞ்சம் அழுத்தித் திருப்பியதும் கரகரவென்று நகர்ந்தது, ஆனால் திரும்பி வரவில்லை. போய் நின்ற இடத்திலேயே நிற்கிறது. படம் போட்டிருக்கிறேன். தட்டின் ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் செம்பழுப்பாகத் தூள் தெரிகிறது. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். வண்டி வாரத்தில் பாதி நாள் கொட்டகையில் நிற்கும்.

#7 பரமக்குடி_ஓட்டுநர்

படத்தைப் பார்த்தேன். வாத்தியார் சொன்னது சரிதான். எங்கள் பக்கம் இப்படித் துருப்பிடித்து நான் பார்த்ததில்லை. பரமக்குடியில் வெயில்தான் உண்டு, உப்பு கிடையாது.

#8 பாம்பன்_மெக்கானிக்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குகிற நேரம், அதனால் தாமதமாக எழுதுகிறேன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை கேட்டிருந்தால் அன்றே வந்து பார்த்திருப்பேன்.

கீழக்கரை தம்பி, டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் எதைக் கழற்றுவது என்று தெரிந்து கழற்றுங்கள். அடியில் ஒரு கிளாம்ப் தகடு இருக்கும். அந்தத் தகட்டை பிளாக்கோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவையும் எடுத்தால் தகடும் டிஸ்டிரிபியூட்டரும் சேர்ந்தே வெளியே வரும், வைத்திருந்த டைமிங் கலையாது. டிஸ்டிரிபியூட்டரின் கழுத்தை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் போய்விடும். கீழே ஓட்டும் தண்டின் காடி நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். அதனால் திரும்ப வைக்கும்போது ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். பயப்படாதீர்கள். பிளக் வயர்களுக்கு மட்டும் முன்கூட்டியே எண் எழுதிவிடுங்கள்.

வெளியே எடுத்ததும் வைஸில் நெரித்துப் பிடிக்காதீர்கள், உடம்பு அலுமினியம். பாயிண்ட் தட்டைக் கழற்றினால் எடைகள் தெரியும். ஸ்பிரிங் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று இறுக்கமாகவும் மற்றது கொக்கியில் தளர்ந்து தொங்கிக்கொண்டும் இருந்தால் அது பழுதில்லை, அமைப்பே அப்படித்தான். முதல் ஸ்பிரிங் தாழ்ந்த சுற்றைப் பார்த்துக்கொள்ளும், இரண்டாவது பிறகுதான் பிடிக்கும். தொங்குகிறதே என்று வெட்டிக் குறுக்கிவிடுகிறார்கள், இழுத்து நீட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. எது எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். எடை திரும்பும் குச்சிகளை எமரி போட்டுத் தேய்த்துச் சிறுக்கவைத்துவிடாதீர்கள். துரு போய்ப் பளிச்சென்று வந்தால் போதும். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரிகிற ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. புஷ் தேய்ந்தால் பாயிண்ட் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், எந்த டைமிங்கும் நிற்காது.

சேர்க்கும்போது எடைக் குச்சிகளுக்கு மெல்லிய எண்ணெய் வையுங்கள். கேமின் முதுகில் கிரீஸ் ஒரு பூச்சுதான். நிறைய அப்பினால் அது தெறித்துப் பாயிண்ட் முகத்தில் ஒட்டும். ரோட்டாரை எடுத்தால் தண்டின் தலையில் ஒரு ஸ்குரூ தெரியும். அதைக் கழற்ற வேண்டாம், அதன்மேலேயே இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டால் தானே கீழே இறங்கும். கடலோரத்து வண்டிக்கு இதைப் புத்தகம் சொல்லும் தவணையைவிடச் சீக்கிரமே செய்ய வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

#9 உச்சிப்புளி_வாத்தியார்

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கடற்கரையில் இரவு தோறும் அந்த அளவு ஈரம் சாதாரணம். வெயிலில் உலரும், இரவில் மறுபடி கரையும். டிஸ்டிரிபியூட்டர் காற்றுப் புகாத டப்பா அல்ல. தினமும் ஓடும் வண்டியில் என்ஜின் சூடு ஈரத்தை விரட்டிவிடும். நிற்கும் வண்டிதான் கெடுகிறது. வாலிநோக்கம் உப்பளம் பக்கம் இருசக்கர வண்டிகளின் செயின் கவரைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

#10 மண்டபம்_டீசல்

கொஞ்சம் விலகிய கேள்வி. விசைப்படகு என்ஜினில் இப்படி அட்வான்ஸ் எடை எதுவும் கிடையாதே, அது எப்படி ஓடுகிறது?

#11 பாம்பன்_மெக்கானிக்

டீசலில் பொறி கிடையாது, பம்ப் எரிபொருளைத் தெளிக்கும் நேரம்தான் அங்கே டைமிங். படகு மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே சுற்றில் ஓடுவது. அதனால் பல பழைய என்ஜின்களில் தெளிப்பு நேரத்தை ஓரிடத்தில் கட்டிவைத்தாலே சமாளிக்கும். கார் அப்படி இல்லை. சந்தையில் நிற்கும், பாலம் ஏறும், பறக்கும். டீசல் பற்றி வேறு இழை போடுங்கள் தம்பி, இங்கே குழம்பிவிடும்.

#12 கீழக்கரை_68

கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. ஒரு எடை குச்சியோடு ஒட்டியே போயிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் கிடந்த பிறகுதான் விட்டது. மெல்லிய ஸ்பிரிங் ஒரு வளைவில் துரு தின்று நூலாகிவிட்டிருந்தது. மதுரையில் பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் அதே வகை டிஸ்டிரிபியூட்டர் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கையும் ஜோடியாக எடுத்துப் போட்டுவிட்டேன். தண்டில் ஆட்டம் இல்லை. ரோட்டாரைத் திருப்பி விட்டால் இப்போது டக்கென்று திரும்பி வருகிறது.

புதிய பாயிண்ட் என்பதால் டைமிங்கை முதலிலிருந்து வைக்க வேண்டும். மெக்கானிக் அண்ணன், நீங்கள் வைக்கும் முறையைச் சொல்ல முடியுமா? இணையத்தில் ஒருவர் 10 டிகிரி என்கிறார், இன்னொருவர் வேறு எண் சொல்கிறார்.

#13 பாம்பன்_மெக்கானிக்

அந்த 10 டிகிரி பெரும்பாலும் எம்ஜிபி காருக்கு உரியது. அதுவும் இதே பி.எம்.சி. பி வகைக் குடும்பம்தான், ஆனால் 1798 சிசி, அழுத்த விகிதமும் வேறு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதை அப்படியே எடுத்து நம் 1489இல் போட்டுவிட்டு, நாக்கிங் வருகிறதென்று நம் பெட்ரோல் பங்க்கைத் திட்டுகிறார்கள். உங்கள் என்ஜினின் அழுத்த விகிதத்துக்குக் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகுதான் டைமிங். இந்த வரிசை மாறக் கூடாது. கேம் மேடு பாயிண்டை முழுதாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து 15 தௌ, அதாவது 0.015 அங்குலம். 14இலிருந்து 16 வரை இருக்கலாம். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாக முன்னேறும். குறைந்தால் பிந்தும். டைமிங் வைத்த பிறகு பாயிண்டைத் தொட்டால் வைத்த டைமிங் வீண். பாயிண்டின் குதிகால் தேயத்தேய இடைவெளி குறைந்துகொண்டே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். புது பாயிண்டில் முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் அதிகம் தேயும்.

அடுத்து, பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, சாவியை அணைத்து, கிராங்க் ஹாண்டில் போட்டுத் திருப்புங்கள். ஒன்றாம் சிலிண்டர் ஓட்டையில் விரலை வைத்தால் கம்ப்ரஷன் வரும்போது விரலைத் தள்ளும். வால்வு கவரைத் திறந்திருந்தால் இன்னும் நிச்சயமான வழி உண்டு. எரியும் வரிசை 1-3-4-2. ஒன்றும் நான்கும் ஜோடி. நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி மற்றது திறக்கத் தொடங்கி ஆடும்போது ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கும்.

புல்லியில் ஒரு வெட்டு இருக்கும். டைமிங் கவரில் பற்கள் போலக் குறிகள். நீளமான குறி டிடிசி, மற்றவை 5, 10. இந்தப் பழைய என்ஜின்களில் குறிகள் கீழ்ப்புறம் இருக்கும், சாக்கை விரித்துப் படுத்துத்தான் பார்க்க வேண்டும். வெட்டில் வெள்ளை பெயிண்ட் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்ய வேண்டாம். இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி ஓடும் திசையிலேயே வந்து நில்லுங்கள். டைமிங் செயினின் தொய்வு ஒரே பக்கம் இருந்தால்தான் அளவு மெய்யானது.

இப்போது 12 வோல்ட் பல்பு ஒன்றை எடுத்து, டிஸ்டிரிபியூட்டரின் பக்கத்து டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையில் கொடுங்கள். சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு அணைந்திருக்கும், திறந்தால் எரியும். கழுத்து போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்டிரிபியூட்டர் உடம்பை முதலில் இடஞ்சுழியாகத் திருப்பிப் பல்பை அணைத்துவிடுங்கள். பிறகு நூல் நூலாக வலஞ்சுழியாகத் திருப்புங்கள். பல்பு எரிகிற அந்த நொடியில் கையை நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கும்போது உடம்பு இழுபட்டுப் போகும், ஆகவே இறுக்கிய பிறகு ஹாண்டிலை இரண்டு முழுச் சுற்று முன்னால் திருப்பி, கடைசியில் மெதுவாகக் கொண்டுவந்து, வெள்ளைக் கோடு குறியைத் தொடும்போதுதான் எரிகிறதா என்று இன்னொருமுறை பாருங்கள். சாவியைப் போட்டு மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், இக்னிஷன் காயில் சூடாகிவிடும்.

பிளக் மாட்டிய பிறகு ஹாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் உள்ளவரென்றால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டைமிங் முந்தியிருந்தால் ஹாண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் உண்டு.

#14 தொண்டி_நீலம்

இவ்வளவும் செய்வதற்குப் பதில் டைமிங் லைட் அடித்தால் ஒரு நிமிட வேலைதானே அண்ணன்?

#15 பாம்பன்_மெக்கானிக்

லைட்டும் வேண்டும். ஆனால் என்ஜின் ஓடினால்தான் லைட். ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருவது பல்புதான். கைலி கட்டிக்கொண்டு ஓடும் விசிறிக்குப் பக்கத்தில் குனிந்து லைட் அடிக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், நான் துணி சுற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

#16 உச்சிப்புளி_வாத்தியார்

இந்த வண்டிக்கு லைட்டின் உண்மையான பயன் வேறு. எடைகள் விரிகின்றனவா என்று அதுதான் காட்டும். டிஸ்டிரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, ஐடிலிங்கில் அடியுங்கள். பிறகு சுற்றை மெல்ல ஏற்றுங்கள். வெள்ளைக் கோடு குறிகளைத் தாண்டி முன்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். குதித்துக் குதித்துப் போனாலோ ஓரிடத்தில் நடுங்கினாலோ தண்டில் தேய்மானம், அல்லது ஸ்பிரிங்கில் குறை.

கவரில் உள்ள குறிகள் 10 டிகிரியோடு முடிந்துவிடும். மேலே உள்ளதைப் புல்லியில் நீங்களே குறித்துக்கொள்ளலாம். புல்லியின் விட்டத்தை அளந்து 3.14ஆல் பெருக்கி 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். விட்டம் 127 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1.1, முப்பது டிகிரிக்கு 33. காகித நாடாவில் அளந்து ஒட்டிக் கோடு போட்டுவிடலாம்.

வேக்குவம் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எடைகள் சுற்றுக்கு ஏற்ப அட்வான்ஸ் தருகின்றன. வேக்குவம், லேசாக மிதித்து ஓட்டும்போது கூடுதலாகத் தருகிறது. சிலிண்டருக்குள் கலவை குறைவாகப் போகும்போது அது மெதுவாக எரியும், அதனால்தான். குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பாயிண்ட் தட்டு நகர்கிறதா பாருங்கள். நாக்கை வைத்து அடைத்தால் தட்டு அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் டயாப்ரம் ஓட்டை. பாலம் ஏறும்போது திராட்டில் வால்வு விரியத் திறந்திருக்கும், அங்கே வேக்குவத்துக்கு வேலை இல்லை. அது போனால் தெரிவது பெட்ரோல் செலவில்.

#17 பரமக்குடி_ஓட்டுநர்

நீங்கள் எல்லாரும் காதை மறந்துவிட்டீர்கள். லைட் காட்டுவது பொறி விழும் இடத்தை. அந்த இடம் இந்த என்ஜினுக்கு ஒத்துவருகிறதா என்று சொல்வது காதுதான். உள்ளே எவ்வளவு கரி படிந்திருக்கிறது, என்ன பெட்ரோல் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் லைட்டுக்குத் தெரியுமா?

#18 பாம்பன்_மெக்கானிக்

அதை மறுக்கவில்லை அண்ணன். ஆனால் எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. பாலத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, நாக்கிங்கா கேட்கும்? சாலையோரம் வெறும் கருவேலங்காடாக இருந்தாலும் சத்தம் திரும்பி வராது. நீளமான மதில் சுவர் உள்ள சாலையாகப் பாருங்கள். கண்ணாடியை இறக்கி, டாப் கியரில் முப்பது நாற்பது வேகத்தில் போய் முழுதாக மிதியுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் நாக்கிங் தனியாகக் கிலுகிலுவென்று கேட்கும்.

#19 மண்டபம்_டீசல்

இப்போது எல்லா பங்க்கிலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தானே வருகிறது? டைமிங்கை மாற்ற வேண்டாமா?

#20 உச்சிப்புளி_வாத்தியார்

எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கும் தன்மை கூடியது. 1968இல் இந்த வண்டி குடித்த பெட்ரோலைவிட இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் அதிகம். ஆகவே எத்தனாலால் டைமிங்கைப் பின்னால் தள்ள வேண்டிய அவசியம் வராது. கவனிக்க வேண்டியது கலவை. பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக் கணக்கில் காற்று 14.7 பங்கு வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய ஜெட்டையே வைத்திருந்தால் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை மெதுவாக எரியும், சூடும் கூடும். ஆகவே முதலில் கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யுங்கள். டைமிங்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். அது நீரையும் இழுக்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். நிற்கும் வண்டிக்கு டேங்கைப் பாதியில் விடாமல் நிரப்பி வைப்பது, காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் குறைவாக வைப்பது நல்லது.

#21 கீழக்கரை_68

டைமிங் வைத்தாயிற்று. பல்பில் கையேட்டு எண்ணுக்கு வைத்தேன். பிறகு உறவினர் ஒருவரிடம் இருந்த லைட்டை வாங்கி அடித்துப் பார்த்தேன். சுற்றை ஏற்றும்போது வெள்ளைக் கோடு குறிகளைத் தாண்டி நான் ஒட்டிய காகித நாடாவுக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. சுற்றை இறக்கினால் திரும்பி வருகிறது. முன்பு எங்கே நின்றிருக்கும் என்று இப்போது புரிகிறது.

நேற்று ராமேசுவரம் போய் வந்தேன். பாலத்தில் டாப் கியரிலேயே ஏறியது. முள் நடுவிலேயே நின்றது.

ஒரு சந்தேகம். ராமநாதபுரத்துக்குள் ஒரு நீளச் சுவரோரம், அண்ணன் சொன்னபடி நாலு பேரை ஏற்றிக்கொண்டு முழுதாக மிதித்தபோது கிலுகிலுவென்று சத்தம் கொஞ்சம் நீண்டது. ஓட்டுநர் ஐயா சொன்ன "தட்டி உடனே நிற்பது" மாதிரி இல்லை, மிதித்திருக்கும் வரை இருந்தது. மறுபடி கழுத்து போல்ட்டைத் தளர்த்த வேண்டுமா?

#22 பாம்பன்_மெக்கானிக்

போல்ட்டைத் தொடவே வேண்டாம். வேக்குவம் டப்பாவுக்குப் பின்னால் பல் வெட்டிய சிறு திருகுமரை ஒன்று இருக்கிறது பாருங்கள். பக்கத்தில் ஏ, ஆர் என்று குறி இருக்கும். ஏ என்றால் அட்வான்ஸ், ஆர் என்றால் ரிடார்ட். விரலால் திருப்பினாலே கிளிக் கிளிக்கென்று நகரும். சுமார் 11 கிளிக் ஒரு டிகிரி. முதலில் ஆர் பக்கம் 11 கிளிக் திருப்பி, அதே சுவரோரம் ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் இன்னொரு 11. எத்தனை திருப்பினீர்கள் என்று எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பாயிண்ட் மாற்றும்போது எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாது. உப்பில் அந்தத் திருகும் இறுகும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுத் திருப்புங்கள். பிளையர் போட்டால் உடைந்துவிடும்.

#23 பரமக்குடி_ஓட்டுநர்

சுவரோரம் காதால் கேட்டுத்தானே கடைசியில் முடித்தீர்கள்?

#24 உச்சிப்புளி_வாத்தியார்

ஆமாம் ஐயா. எடைகள் விரிந்த பிறகு கேட்டதால்தான் காது சொன்னது பொருள்பட்டது. இறுகிய நிலையில் நீங்கள் சொன்னபடி திருப்பி வைத்திருந்தால், வேகத்தில் இழுவை கொஞ்சம் வந்திருக்கும், ஆனால் ஐடிலிங்கில் டைமிங் அளவுக்கு மீறி முந்தி ஸ்டார்ட்டரையே எதிர்த்திருக்கும். ஓடும் சூட்டில் துரு எப்போதாவது விட்டு எடைகள் திடீரென விரிந்திருந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

#25 பரமக்குடி_ஓட்டுநர்

அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைட் வாங்க மாட்டேன்.

#26 கீழக்கரை_68

முதல் 11 கிளிக்கில் குறைந்தது, இரண்டாவதில் நின்றுவிட்டது. மிதித்ததும் ஒரு சிறு தட்டல், உடனே மறைகிறது. இழுவையில் குறை தெரியவில்லை. மொத்தம் 22 கிளிக் என்று மூடியின் உள்பக்கம் பெயிண்டில் எழுதிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. என்ஜினை இறக்கச் சொன்ன பட்டறைக்குப் போய் எதுவும் சொல்லப்போவதில்லை, அந்தப் பெட்ரோலை வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறேன்.

#27 தொண்டி_நீலம்

வாத்தியார் ஐயா, நானும் மூடியைத் திறந்து ரோட்டாரைத் திருப்பிப் பார்த்தேன். திரும்பி வருகிறது, ஆனால் சோம்பலாக. மண்ணெண்ணெய் வாங்கி வைத்துவிட்டேன்.

#28 தேவிபட்டினம்_பத்மினி

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். என்னிடம் பிரீமியர் பத்மினி இருக்கிறது. இங்கே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்துமா?

#29 பாம்பன்_மெக்கானிக்

எரியும் வரிசை அதிலும் 1-3-4-2தான். இடைவெளி முதலில், டைமிங் பிறகு என்பதும் மாறாது. குறிகள், டிகிரி, பாயிண்ட் அளவு எல்லாம் அந்த வண்டியின் கையேட்டிலிருந்து எடுங்கள், இங்கே உள்ள எண்களைப் போடாதீர்கள். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். சாவியை அணைத்து, மூடியைக் கழற்றி, டாப் கியரில் போட்டு வண்டியை ஓர் அடி முன்னால் தள்ளச் சொல்லி உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். பார்த்ததைப் படத்தோடு தனி இழையில் போடுங்கள், அங்கே பேசலாம்.